பிரித்துக் கொடுத்தால் சரக்கு, கலந்து போட்டால் குப்பை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. இங்கு வீட்டுக் குப்பை வெளியேற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தூய்மைக் காவலர் கொண்டுவரும் வண்டி. இரண்டு, பழைய இரும்புக் கடை. மூன்று, சாலையோரமும் வாய்க்காலும் கண்மாய்க்கரையும். முதல் இரண்டு வழிகளில் போகும் பொருள் மறுபடி பயனுக்கு வரலாம். மூன்றாவது வழி சட்டப்படி தவறு. எந்தப் பொருள் எந்த வழியில் போகும் என்பது தெருவில் முடிவாவதில்லை. அடுப்படியில் அது எந்தக் கூடையில் விழுந்தது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

பழைய பழக்கம், புதிய ஏற்பாடு

வீட்டில் சேர்ந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பழைய இரும்புக்கும் ஈயம், பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்த வியாபாரி ஊர் ஊராக வந்த காலம் உண்டு. இன்று அந்த இடத்தில் எடைத் தராசுடன் பழைய இரும்புக் கடையும் பழைய பேப்பர் கடையும் நிற்கின்றன. அரசு ஏற்பாடுகளும் சேர்ந்திருக்கின்றன. பெங்களூரில் உலர்கழிவை மட்டும் வாங்கிப் பிரிக்கும் மையங்கள் வார்டுதோறும் அமைக்கப்பட்டன. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வசூலிக்கப்பட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பத் தரப்படுகிறது. கிராமப்புறங்களுக்கு, தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க ரூ.16 லட்சம் வரை ஒதுக்க வழி செய்யப்பட்டுள்ளது.

சட்டம் சொல்வது

2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கிராம ஊராட்சிகளையும் நேரடியாகப் பொறுப்பாக்கின. பிளாஸ்டிக்கைப் பிரித்துச் சேகரிப்பது, மறுசுழற்சிக்கு உகந்ததை அதற்கு அனுப்புவது, திறந்தவெளியில் எரிக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை ஊராட்சியின் கடமைகள். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026-ஆம் ஆண்டு விதிகள், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல், பிரிவுகளை நான்காக்கின: ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. மத்திய விதி 120 மைக்ரானுக்குக் குறைந்த கைப்பையை மட்டும் தடுக்கிறது. மாநிலத் தடையோ எந்தத் தடிமனில் உள்ள பிளாஸ்டிக் கைப்பைக்கும் பொருந்தும். டீக்கடையில் தரும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இந்தப் பட்டியலில் உண்டு. "பை தடிமனானது, அனுமதி உண்டு" என்று கடைக்காரர் சொன்னால் அது செல்லாது.

எப்படிப் பிரிப்பது

ஈரக்கழிவில் காய்கறித் தோல், மீந்த சோறு, வாழையிலை, தேங்காய் நார், வாடிய பூ ஆகியவை சேரும். மல்லிகையை வாழைநாரில் தொடுத்திருந்தால் அப்படியே மக்கும். பிளாஸ்டிக் நூலோ ஜரிகையோ இருந்தால் உருவி எடுத்துவிட வேண்டும்.

உலர்கழிவில்தான் கவனம் அதிகம் தேவை. செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டி ஆகியவை நனையாமல் இருக்கும்வரைதான் விலை போகும். எண்ணெய் படிந்த பொட்டலத் தாளும் பரோட்டா பார்சல் தாளும் காகிதக் கட்டோடு சேரக் கூடாது. கடைகளில் தரும் வழுவழுப்பான ரசீதில் ரசாயனப் பூச்சு இருப்பதால் அதையும் ஒதுக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு மற்றும் பினாயில் புட்டி 2, பால் பாக்கெட் 4, ஓட்டலில் சாம்பார் தரும் கறுப்பு டப்பா பெரும்பாலும் 5. இந்த நான்கையும் பழைய இரும்புக் கடைகள் பொதுவாக வாங்கும். பிவிசி 3, தெர்மாகோல் 6. தெர்மாகோலுக்கு ஆள் கிடைப்பது அரிது. பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் கீறி மட்டும் திறந்தால், அந்தச் சிறு துண்டு சாக்கடைக்குப் போகாது. பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் உலர்த்தினால் வாடை வராது, விலையும் குறையாது.

பிஸ்கட், சிப்ஸ் உறைகள் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியவை. பிரிக்க முடியாததால் கடையில் வாங்க மாட்டார்கள். இவற்றைத் தனிப் பையில் சேர்த்து ஊராட்சி வண்டியில் கொடுக்க வேண்டும். சிமென்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாக இவற்றை அனுப்ப முடியும்.

விலை போகாத பிளாஸ்டிக்குக்கும் பயன் உண்டு என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. பிளாஸ்டிக் சாலை முறையை உருவாக்கியவர் திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். இதற்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் தூவினால் உருகி மேலே படியும். பிறகு தார் சேர்க்கப்படும். இந்த முறையிலும் பிவிசி கலக்கக் கூடாது. அதைச் சூடாக்கினால் குளோரின் கலந்த நச்சு வாயு கிளம்பும். கடைசிப் பயனுக்குக்கூடப் பிரித்த சரக்குதான் உதவும்.

கண்ணாடி முழுதாக இருந்தால் தனியே வைத்தால் போதும். உடைந்தால் தடித்த தாளில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுத வேண்டும். நாப்கினும் டயப்பரும் தாளில் பொதிந்து, அடையாளமிட்டுத் தனியே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் போடும் இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடியை இறுக்கித் தரலாம். டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு இரண்டிலும் பாதரசம் இருப்பதால் உடையாமல் தனிக் கவனப் பிரிவில் சேர்க்க வேண்டும். காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா ஆகியவற்றுக்கும் அதுவே இடம்.

கொண்டுபோகும் முன்

பழைய கைபேசியைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, உள்ளிருக்கும் படங்கள், வங்கிச் செயலிகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அதன் முனைகளில் டேப் ஒட்டித் தனியே தருவது நல்லது. மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ, தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்துக்கோ தருவதே முறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களை இதற்குப் பொறுப்பாக்கியுள்ளன.

விற்கும்போது தராசையும் கவனிக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக் கருவியில் அரசு முத்திரை இருக்க வேண்டும். எடையில் ஏமாற்று நடந்தால் 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

கலந்து போட்டால் வரும் ஆபத்து

மீந்த குழம்பு கொட்டிய அட்டைப்பெட்டியை எந்தக் கடையும் வாங்காது. ஒரு பிடி ஈரக்கழிவு ஒரு பை உலர்கழிவைக் கெடுத்துவிடும். கெட்ட பை தெருமுனையில் குவிகிறது, பிறகு யாரோ தீ வைக்கிறார்கள். பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டு. குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் முதலில் பாதிக்கப்படுவார்கள். வீசிய கோப்பை, தேங்காய் ஓடு, டயர் ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். உணவு ஒட்டிய பிளாஸ்டிக் பையை மாடு பையோடு விழுங்கும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் அடைபட்டால், மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம், கோடையில் கண்மாய் வறட்சி. கலந்த குப்பையைக் கையால் கிளறும் தூய்மைக் காவலருக்கு ஊசியும் உடைந்த கண்ணாடியும் நேரடி ஆபத்து.

யாருக்கு என்ன உரிமை

வீட்டு வாசலில் குப்பை பெறப்பட வேண்டும் என்பதும், பிரித்துத் தந்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டும் என்பதும் குடியிருப்போர் கேட்கக்கூடியவை. நான்கு கூடைகளில் தந்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அது ஊராட்சியின் குறைபாடு, முறையிடத் தக்கது. கையுறை, முகக்கவசம், காலணி, ஒளிரும் மேலாடை ஆகியவை தூய்மைப் பணியாளருக்கு வழங்கப்பட வேண்டும். உரிமையோடு கடமையும் வருகிறது: பிரித்துக் கொடுப்பது, கட்டணம் இருந்தால் செலுத்துவது, எரிக்காமலும் புதைக்காமலும் இருப்பது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் கல்யாணமோ காதுகுத்தோ நடத்துவோர் உள்ளாட்சிக்கு மூன்று வேலை நாள்கள் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதிகள் கொண்டுவந்த நடைமுறை.

எங்கே முறையிடுவது

முதலில், இடம், நாள், புகைப்படத்துடன் ஊராட்சித் தலைவரிடமோ தனி அலுவலரிடமோ எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பலன் இல்லையெனில் மதுரை கிழக்கு வட்டார வளர்ச்சி அலுவலரை அணுகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டமும், முதல்வரின் உதவி எண் 1100-ம் அடுத்த படிகள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், உலர்கழிவைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு கொட்டகை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றலாம்.

குப்பை எங்கே போகிறது, எவ்வளவு செலவாகிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தொடர்ந்து எரிப்பு நடந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் தரலாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 இழப்பீடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-இல் உத்தரவிட்டுள்ளது. அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. சுற்றுச்சூழல் தகராறுகளை ஆறு மாதத்துக்குள் அங்கே கொண்டுசெல்ல வேண்டும். பொதுநல மனு தாக்கல் செய்யக்கூடிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2004 முதல் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது.

இவற்றில் எந்தப் படியில் ஏறினாலும் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி, மனுதாரர் குப்பையைப் பிரித்துக் கொடுத்தாரா என்பதாகவே இருக்கும். அதற்கான பதில் அடுப்படிக் கூடைகளில் ஆயத்தமாக இருக்கட்டும்.