கல்நெய்யும் கொதிகல்லும்

பெட்ரோலியம் என்னும் பெயரைப் பகுத்து நோக்குவார்க்கு அதனுள் ஒரு கல் மறைந்து கிடத்தல் புலனாகும். ‘பெட்ரா’ என்பது பாறை. ‘ஓலியம்’ என்பது எண்ணெய். ஆகவே, அது கல்நெய். சியோலைட்டு என்னும் பெயரும் அத்தகையதே. கிரேக்க மொழியில் ‘ஸியோ’ என்பது கொதித்தலையும், ‘லித்தோஸ்’ என்பது கல்லையும் குறிக்குமாதலின், அது கொதிகல். கல்நெய்யைக் கொதிகல் எவ்வாறு பெட்ரோலாக மாற்றுகின்றது, அக்கல்லை ஆலைகளில் எவ்வாறு ஆக்குகின்றனர் என்னும் இரண்டனையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

நிலத்தின் ஆழத்தினின்று எடுக்கப்படும் கச்சா எண்ணெய் ஒரு தனிப்பொருளன்று. கரியணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் பிணைந்தமைந்த பற்பல மூலக்கூறுகளின் கலவையே அது. அதனை வாலையிலிட்டுக் காய்ச்சி வடித்தால், சிறிய மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகிப் பிரியும், பெரியவை பின்தங்கும். ஏறத்தாழ 5 முதல் 12 வரையிலான கரியணுக்களையுடையவை பெட்ரோலாகும். அவற்றினும் நீண்டவை மண்ணெண்ணெயும் டீசலுமாம். இறுதியில் எஞ்சுவன கனத்த எண்ணெய்கள். மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், வடித்தலால் மட்டும் கிடைத்த பெட்ரோல் போதவில்லை. கனத்த எண்ணெயோ வேண்டுவார் குறைந்து தேங்கிற்று. நீண்ட சங்கிலியை இடையில் அறுத்தால் குறுஞ்சங்கிலிகள் கிடைக்குமன்றோ? அறுப்பது எங்ஙனம் என்பதே வினா.

அமெரிக்க நாட்டு வில்லியம் பர்ட்டன் என்பார் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டே இதனைச் செய்யும் முறைக்கு 1913-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். ஆயினும், தனி வெப்பமானது குருடன் கைக் கோடரி போன்றது; வேண்டிய இடத்தில் வெட்டுவதோடு வேண்டாத இடத்திலும் வெட்டும். பின்னர் பிரெஞ்சு எஞ்சினீயராகிய யூஜீன் ஹூட்ரி என்பார் அமிலத்தாற் பண்படுத்திய களிமண்ணை வினையூக்கியாகக் கொண்டார். வினையூக்கி என்பது, ஓர் இரசாயன வினையை விரைவுபடுத்தியும் அதிற் செலவாகாது நிற்கும் பொருள். அவர் முறை 1937-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாகாணத்து மார்க்கஸ் ஹூக் என்னுமிடத்திற் பேரளவில் நிறுவப்பட்டது. 1942-இல் லூயிசியானா மாகாணத்துப் பேட்டன் ரூஜ் நகரில், வினையூக்கியை நுண்தூளாக்கி, வாயுவோடு கலந்து நீரைப்போல் ஓடச்செய்யும் முறை தொடங்கிற்று. இன்றும் எண்ணெய் ஆலைகளில் வழங்கி வருவது அம்முறையே. ஆனால், தூளின் உள்ளீடு மாறிவிட்டது. அம்மாற்றமே நாம் கூறவந்த பொருள்.

1756-ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டுக் கனிப்பொருள் ஆராய்ச்சியாளராகிய கிரான்ஸ்டெட் என்பார் ஒரு கனியைச் சுடரிலே காய்ச்சினர். அக்கல் நுரைத்துக் கொதிப்பது போலத் தோன்றிற்று. அவர் அதற்குச் சியோலைட்டு எனப் பெயரிட்டனர். கல் கொதிக்கவில்லை, கல்லினுள் அடைபட்டிருந்த நீரே ஆவியாய் வெளிப்போந்தது. நீர் நீங்கிய பின்னரும் கல்லின் கட்டுக்கோப்புக் குலையாது நின்றது என்பதே இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. நம் நாட்டிலும் புனா, நாசிக் முதலிய இடங்களின் எரிமலைப் பாறைகளில் இவ்வினக் கற்கள் அழகிய பளிங்குகளாகக் கிடைக்கின்றன.

இதன் அமைப்பு வியக்கத்தக்கது. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு பிராணவாயு அணுக்கள் நிற்கும். அவை அடுத்த சிலிக்கன் அணுக்களோடு பகிர்ந்துகொள்ளப்படும். இவ்வாறு அடுக்கடுக்காய் எழும் மாளிகையில் அறைகளும் வாயில்களும் ஒழுங்குற அமைந்திருக்கும். சிற்சில இடங்களிற் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் அமர்ந்திருக்கும். அவ்விடமெல்லாம் ஓர் எதிர் மின்னேற்றம் தோன்றும். அதனை ஈடுசெய்ய ஒரு சோடியம் அயனி அருகில் நிற்கும். இச்சோடியத்தைப் போக்கி அதனிடத்தில் ஹைட்ரஜன் அயனியை வைத்தால், அவ்விடம் வலிய அமிலமாகும். எண்ணெய்ச் சங்கிலியை அறுக்கும் கத்தி இவ்வமிலமே.

நிற்க. இயற்கைக் கல்லை அப்படியே பயன்படுத்தலாகாதோவெனின், அது பெரும்பாலும் தூய்மையற்றது. வாயில்களும் பெரும்பாலும் மிகச் சிறியன. ஆகவே செயற்கையில் ஆக்க முயன்றனர். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்ட்டன் என்பார் 1949 முதல் இப்பணியில் வெற்றி கண்டனர். அவருடன் உழைத்த டொனால்டு பிரெக் என்பார் பின்னர் ‘ஒய்’ என்னும் வகையை ஆக்கினர். இதன் வாயில் 7.4 ஆங்ஸ்ட்ராம் அகலமும், உள்ளறை ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் அகலமும் உடையன. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. உட்சுவர்களையெல்லாம் விரித்துக் கணக்கிட்டால், ஒரு கிராம் பொடியில் 600 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு உண்டு.

இதனை ஆக்கும் முறை வருமாறு: சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலையும் சோடியம் அலுமினேட்டுக் கரைசலையும் காரத்துடன் கலப்பர். கலவை கூழ்போலத் திரளும். முன்னரே ஆக்கிவைத்த நுண்பளிங்கு வித்துக்களைச் சிறிது சேர்த்து, நீரின் கொதிநிலைக்கு அணித்தான வெப்பத்திற் பல மணிநேரம் வைத்திருப்பர். பாலிற் பிரைமோர் இட்டாற்போல, அவ்வித்துக்கள் கூழைப் பளிங்காக்கும். காலம் தவறலாகாது, உரிய நேரத்தில் நிறுத்தாவிடில், ‘ஒய்’ தன் வடிவழிந்து, வாயில் குறுகிய வேறொரு பளிங்காக மாறத் தொடங்கும். விளைந்த பளிங்கை வடிகட்டிக் கழுவுவர். பின் அம்மோனியம் உப்புக் கரைசலிற் பன்முறை தோய்ப்பர். சோடியம் வெளியேற, அம்மோனியம் அதனிடம் புகும். அதனைச் சூடேற்றினால் அம்மோனியா வாயு பறந்துபோக, ஹைட்ரஜன் மட்டும் எஞ்சி நிற்கும். கத்தி தீட்டப்பட்டது.

ஆனால், கத்தி கூர்மையாயிருத்தல் மட்டும் போதாது. ஈண்டு இரண்டு இடர்ப்பாடுகள் உள. முதலாவது, இக்கல்லின் வேகம் அளவு கடந்தது. தனித்து வைத்தால் எண்ணெயை மிகைபட அறுத்து, வாயுவும் கரியுமாக வீணாக்கிவிடும். இரண்டாவது, கொதிநீராவி அலுமினியத்தைக் கட்டுக்கோப்பினின்று பெயர்த்தெறியும். மாளிகை இடிந்து மண்ணாகும்.

முதல் இடரை மொபில் நிறுவனத்தின் சார்லஸ் பிளாங்க், எட்வர்டு ரோசின்ஸ்கி என்னும் இருவர் தீர்த்தனர். அவர்கள் சியோலைட்டைத் தனியே விடாமல், வேகங் குறைந்த மற்றொரு பொருளினுள்ளே பொதிந்து வைத்தனர். அவ்வினையூக்கி 1962-இல் ஆலைகளிற் புகுந்தது. அதற்குரிய உரிமை 1964-இல் வழங்கப்பட்டது. அப்பொதிபொருளுக்கு மற்றொரு பயனும் உண்டு. மிகப் பெரிய எண்ணெய் மூலக்கூறுகள் 7.4 ஆங்ஸ்ட்ராம் வாயிலில் நுழையமாட்டா. பொதிபொருளின் அகன்ற துளைகளில் அவை முதலில் முறிந்து, பின்னரே சியோலைட்டின் அறைக்குட் புகும்.

இரண்டாவது இடரைத் தீர்க்க இருவழி கண்டனர். லாந்தனம், சீரியம் முதலிய அருமண் உலோகங்களை உட்புகுத்தி, அலுமினியத்தை அதனிடத்திற் பிணித்துவைத்தல் ஒன்று. மற்றது இன்னும் நுட்பமானது. ஆலைக்கு அனுப்புமுன்னரே, பளிங்கினை நீராவியில் அளவறிந்து வாட்டுவர். அலுமினியத்தில் ஒரு பகுதி நீங்கும். அவ்வெற்றிடங்களிற் சிலிக்கன் வந்தமரும். கட்டுக்கோப்பு சற்றே சுருங்கி உறுதிப்படும். அலுமினியம் குறைந்ததால் அமில இடங்களும் குறைந்தன. ஆயினும், எஞ்சியவை நெடுங்காலம் உழைக்கும். சிறிது வலிமையை இழந்தே நிலைபேறு பெறவேண்டும் என்பது இத்தொழிலின் உயிர்நிலை.

இவ்வாறு பண்படுத்திய சியோலைட்டை வெண்களிமண், அலுமினா, பிணைப்புப் பொருள் ஆகியவற்றோடு நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, வெப்பக் காற்றினுள்ளே பொழிந்து உலர்த்துவர். ஏறத்தாழ 70 மைக்ரான் குறுக்களவுள்ள உருண்டைகள் உண்டாகும். அவை பொடிந்து போகாத உறுதியும், குழாயில் ஓடும் வழுவழுப்பும் உடையனவாதல் வேண்டும்.

ஆலையில் இவ்வுருண்டைகள் படும் பாடு பெரிது. 500 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெயாவியோடு நெட்டுயர்ந்த குழாயில் விரைந்தேறும். சில நொடிகளில் வினை முடியும். அதற்குள் கரி படிந்து அவை கறுத்துவிடும். மற்றொரு கலத்தில், ஏறத்தாழ 700 பாகையில், காற்று அக்கரியை எரித்துத் தூய்மை செய்யும். அவ்வெரிப்பில் எழும் வெப்பத்தை உருண்டைகளே சுமந்து சென்று அடுத்த எண்ணெய்க்கு ஊட்டும். கழிவாகிய கரியே அடுப்புமாயிற்று. ஆயின், எண்ணெயில் வரும் வனேடியம் பளிங்கை அரிக்கும். நிக்கல் கரியையும் ஹைட்ரஜனையும் பெருக்கும். ஆதலின் பழையதிற் சிறிது நீக்கிப் புதியது சேர்த்துக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

இத்துணை உழைப்பால் வந்த பயன் யாது? ஒரே அளவு கச்சா எண்ணெயினின்று முன்னிலும் மிகுதியான பெட்ரோல் கிடைக்கின்றது. கரியும் வாயுவுமாய் வீணாவது குறைகின்றது. அதே அளவு பெட்ரோலுக்குக் குறைவான எண்ணெய் தோண்டினாற் போதும். ஆயினும், பெட்ரோலை எரித்தால் எழும் கரியமிலவாயுவை இக்கல் குறைப்பதன்று. நிலத்தடி எண்ணெயை வளர்ப்பதுமன்று. அருகிவரும் பொருளைச் சிதறாமற் பயன்கொள்ளக் கற்பித்தலே அதன் தொண்டு.

இரசாயனம் பயிலும் மாணவ நண்பர்கள் ஒன்று கருதுவாராக. கலத்தல், திரளவிடுதல், வடிகட்டல், கழுவுதல், உலர்த்தல், காய்ச்சுதல் என நாம் மேலே கூறியவற்றுள், நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வாரந்தோறும் செய்யப்படாதது ஒன்றேனும் இல்லை. கழுவிய வீழ்படிவில் உப்பு எஞ்சியிருக்கின்றதோவென மீண்டுமொருமுறை சோதிக்குமாறு ஆசிரியர் பணிக்கும்போது சலிப்புத் தோன்றுதல் இயல்பே. சிறிதளவு சோடியம் எஞ்சிநின்றாலும் கொதிகல்லின் மாளிகை வெப்பத்தில் இடிந்துவிழும் என்பதை அப்போது நினைவுகூர்ந்தால், அச்சோதனை வீண்வேலையாகத் தோன்றாது.