சட்டமா, சோறா? பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது எது?

"சோறு போட்டால் படிப்பு வந்துவிடுமோ?" என்று கேட்கின்றனர் சிலர். கேட்பவர் பசித்தவரல்லர், உண்டு முடித்து, ஏப்பமும் விட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கின்றனர். "வரிப்பணம் வீண்! இலவசம், இலவசம் என்று நாட்டைப் பாழாக்குகிறீர்!" என்று ஏசுகின்றனர். ஏசட்டும்! பதிலுக்கு நாமும் ஏசிவிட்டுப் போவது எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கைதட்டல் கணக்காகாது, தோழர்களே! இன்று நாம் ஏச வரவில்லை, எண்ணிப்பார்க்க வந்திருக்கிறோம். கணக்கேட்டை விரிப்போம், அது யார் பக்கம் பேசுகிறது என்று காண்போம்.

கோவில்பட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. மழை பொய்த்தால்? தீப்பெட்டி ஆபீசு! கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று நீண்ட அந்தப் பகுதியிலே, ஒரு காலத்தில் கோழி கூவுமுன் ஊர் முனையில் வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், தூக்குவாளியும் கையுமாக ஏறுவார்கள். குச்சி அடுக்கினால் இவ்வளவு, பெட்டி ஒட்டினால் இவ்வளவு என்று எண்ணிக்கைக்குக் கூலி. பள்ளிக்கூடம் இருந்தது, மணியும் அடித்தது. பிள்ளைதான் இல்லை!

1986-இல் சட்டம் வந்தது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு முதலிய தொழில்களில் வைக்கக்கூடாது. வைத்தால் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 20,000 ரூபாய் வரை தண்டம் என்று அன்று அச்சட்டம் விதித்தது. நல்ல எண்ணம், மறுப்பாரில்லை. ஆனால் நல்ல எண்ணம் நல்ல விளைவைத் தந்ததா? அதுவன்றோ கேள்வி!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். பழம் விழுந்தது உண்மை. காக்கை உட்கார்ந்ததும் உண்மை. காக்கையால்தான் விழுந்ததா? ஒரு பனையை மட்டும் பார்த்தால் தெரியாது. காக்கை உட்காராத பனையையும் பார்க்கவேண்டும். அங்கேயும் பழம் விழுந்திருந்தால், காக்கைக்குப் பெருமையும் இல்லை, பழியும் இல்லை. இன்றைய பொருளாதார அறிஞர்கள் பெரும் பெரும் கணிதம் போட்டுச் செய்வதெல்லாம் இந்த இரண்டாவது பனையைத் தேடும் வேலைதான். "இது நடவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" இந்த ஒரு கேள்விக்கு விடை காணும் வழிமுறைகளுக்காகவே 2021-இல் டேவிட் கார்டு, ஜோசுவா ஆங்கிரிஸ்ட், கீடோ இம்பென்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு தந்தனர்.

அவர்களில் கார்டு செய்த ஆராய்ச்சி ஒன்றைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்கவேண்டும். "கூலியைக் கூட்டு" என்றதும் முதலாளி சொல்வதென்ன? "கூட்டினால் ஆளைக் குறைப்பேன்!" அமெரிக்காவிலும் அதே பாட்டுத்தான். 1992-இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்திற்று. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கார்டும் ஆலன் குரூகர் என்பவரும் எல்லைக்கு இருபுறமும் உள்ள உணவுக் கடைகளை எண்ணினர். கூலி கூடிய பக்கம் வேலை குறைந்ததா? குறையவில்லை! பென்சில்வேனியாதான் அவர்களுடைய இரண்டாவது பனை.

இப்போது நமது 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். இதற்கு இரண்டாவது பனை எது? 14 வயதைத் தாண்டிய பிள்ளை! சட்டம் அவனைத் தொடவில்லை. அவன் தம்பியைத்தான் தொட்டது. ஊரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், விலை ஏறினாலும் இறங்கினாலும், இருவரையும் ஒருசேரத் தாக்கும். சட்டம் மட்டும் ஒருவனைத் தாக்கும். ஆகவே இருவருக்கும் இடையே புதிதாக முளைக்கும் வேறுபாடு சட்டத்தின் வேலை. பிரசாந்த் பரத்வாஜ், லியா லக்டாவாலா, நிக்கோலஸ் லீ என்னும் மூவர், சட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அகில இந்தியக் கணக்குகளை இவ்வாறு ஒப்பிட்டனர். 2020-இல் ஆய்வேட்டில் வெளியிட்டனர். கண்டது என்ன? பிள்ளைகளின் கூலி குறைந்தது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் குறையவில்லை, கூடினர்!

ஏன்? வறியவன் வீட்டு அடுப்பைக் கேளுங்கள், சொல்லும். பிடிபட்டால் தண்டம் என்றதும் முதலாளி தன் அச்சத்துக்கு விலை போட்டான். அந்த விலையைப் பிள்ளையின் கூலியில் கழித்தான். கூலி குறைந்ததும் குடும்பத்தில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை நிரப்ப இன்னொரு பிள்ளை புறப்பட்டது! குடும்பத்தாரை வைத்து வீட்டிலேயே நடத்தும் தொழிலுக்குச் சட்டம் விலக்களித்திருந்தது. பெட்டி ஒட்டும் வேலை அந்த வாசல் வழியே வீட்டுத் திண்ணைக்கு வரலாமல்லவா?

ஆகவே சட்டம் வேண்டாம் என்கிறோமா? இல்லை, தோழர்களே! சட்டம் வேண்டும். ஆனால் "போகாதே" என்று சொல்லும் சட்டத்தோடு, "வா, உட்கார், சாப்பிடு" என்று சொல்லும் பள்ளியும் வேண்டும் என்கிறோம்.

அப்படிச் சொன்ன பள்ளிகளின் வரலாறு தமிழகத்தில் நீண்டது. 1920-இல் நீதிக் கட்சியின் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தந்தது. 1956-இல், இதே கரிசல் பூமியில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில், மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கிவைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் அந்தத் தட்டில் முட்டையை வைத்தார். கட்சி வேறு, கொடி வேறு. கரண்டி மட்டும் கை மாறி வந்திருக்கிறது.

"சரி, அதனால்தான் பிள்ளைகள் வந்தனர் என்பதற்குச் சான்று என்ன? சாலை வந்தது, பள்ளி வந்தது, பெற்றோர் மனம் மாறியது, அவற்றால் வந்திருக்கலாமே!" என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. 1982-இல் தமிழகத்துச் சிற்றூர்கள் அத்தனையிலும் ஒரே மூச்சில் உலை ஏறிவிட்டது. உலை ஏறாத ஊர் இருந்தாலன்றோ ஒப்பிடமுடியும்? நாம் முந்திக்கொண்டதால் நமக்கு இரண்டாவது பனை இல்லாமற்போயிற்று!

சான்று வெளியிலிருந்து வந்தது. 2001 நவம்பர் 28-இல் உச்சநீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. சில மாநிலங்கள் உடனே அடுப்பு மூட்டின. சில ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. இழுத்தடித்தது பிள்ளைகளுக்குக் கேடு. ஆராய்ந்தவர்களுக்கோ அதுவே அளவுகோல்! ராஜஸ்ரீ ஜெயராமன், டோரா சிம்ரோத் இருவரும் முந்திய மாநிலங்களையும் பிந்திய மாநிலங்களையும் ஒப்பிட்டனர்; உணவு உண்டு என்ற அரசுப் பள்ளியையும் இல்லை என்ற தனியார் பள்ளியையும் அதே தராசில் வைத்தனர். தொடக்கப்பள்ளிச் சேர்க்கை 13 விழுக்காடு கூடியிருந்தது. பிறகு தனிகா சக்கரவர்த்தியும் ஜெயராமனும் 2019-இல் இன்னொரு கணக்கை வெளியிட்டனர். ஐந்தாண்டு வரை அந்தச் சோற்றை உண்ட பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை உயர்ந்திருந்தது. "சோறு போட்டால் படிப்பு வந்துவிடுமோ?" என்றீரே, ஐயா! வந்திருக்கிறது; கணக்கு சொல்கிறது!

கரிசல் காட்டுத் தோழர்கள் கவனிக்கவேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும், அன்று ஒன்றாயிருந்த ஆந்திர மாநிலத்தில் வறட்சி தாக்கிய குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தனர், 2014-இல் வெளியிட்டனர். மழை பொய்த்த ஆண்டில் குழந்தையின் உடல் இழந்ததைப் பள்ளிச் சோறு ஈடுசெய்தது என்று கண்டனர். வானம் கைவிட்ட பிள்ளையை வட்டில் காப்பாற்றியது! வானம் பார்த்த பூமிக்கு இதைவிட வேறென்ன செய்தி வேண்டும்?

தடை தோற்ற இடத்தில் சோறு வென்றது ஏன்? தடை, ஏழையின் வருவாயிலிருந்து பிடுங்கிற்று. சோறு, அவன் உலையில் ஒரு பிடி அரிசியை மிச்சப்படுத்திற்று. பள்ளிக்குப் போவதே பிள்ளைக்கு ஒரு கூலியாயிற்று.

இனி நமக்கு. எதிரியை நோக்கி நீட்டிய தராசில் நம் திட்டங்களையும் ஏற்றத் துணியவேண்டும். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிற்று. "தொடங்கினோம், வருகை கூடிற்று" என்று மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. அதே மாதங்களில், இன்னும் தொடங்காத பள்ளியில் வருகை என்ன? அதையும் சொன்னால்தான் எதிரியின் வாய் அடைபடும்.

இன்னும் உறுதியான வழியும் உண்டு; குலுக்கல்! உத்திரமேரூரில் குடவோலை இட்டு ஆள் தேர்ந்த நாட்டாருக்கு அது புதிதல்ல. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே இல்லை. பெற்றவரும் பெறாதவரும் ஒத்த நிலையில் நிற்பர். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கலில் வந்த பாதிக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஊழியரை அமர்த்திப் பார்த்தனர். அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முந்தினர். கடும் ஊட்டக்குறைவும் குறைந்தது. கிடைத்த பயன், செலவைப்போலப் பன்மடங்கு என்று கணக்கிட்டனர் அறிஞர்கள் கானிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ்.

தேநீர்க் கடையிலும் ஆலை வாயிலிலும் வாதம் எழும்போது, தோழர்களே, குரலை உயர்த்தவேண்டாம்; கேள்வியை உயர்த்துங்கள். யாரோடு ஒப்பிட்டாய்? இது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறொன்று காரணமாயிருக்க முடியாதா? இந்த மூன்று கேள்விகளையும் மாற்றானிடம் கேட்குமுன் நம்மிடம் கேட்போம். கேட்டும் நின்றதே நிலைக்கும். பள்ளிக்கூடத்துச் சோறு நின்றிருக்கிறது. அதன்மேல் கைவைக்க வருகிறவன், முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும்!