மெலிந்த காற்றில் ஒரு பழைய ஜிப்ஸி

சென்னையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றை எடை போட்டால் ஏறத்தாழ 1.16 கிராம் இருக்கும். ஓசூரில் 25 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 1.06 கிராம்தான் தேறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. தலைக்கு மேலிருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு கீழேயே தங்கிவிடுவதால் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறைகிறது. குளுமையை விரும்பி ஓசூரில் குடியேறியவர்களுக்கு இந்தக் குறைவு தெரியாது. பெட்ரோல் என்ஜினோ அதை ஒவ்வொரு சுற்றிலும் உணர்கிறது.

இந்தக் கணக்கில் தொடங்கக் காரணம், சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாருதி ஜிப்ஸிகள். “வண்டி நல்லாத்தான் இருக்கு, பிக்கப்தான் இல்லை. என்ஜினை ஏதாவது செய்யலாமா?” என்ற கேள்வி அவற்றின் உரிமையாளர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீரும். ஓசூரில் அந்தக் கேள்விக்கு உடனே ஆள் கிடைப்பார்கள். அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் வண்டி செய்யும் ஊர் அது. சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு, அங்கே ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. செய்துதர ஆள் இருக்கிறார்கள் என்பதால் மட்டும் ஒரு வேலை அந்த வண்டிக்குத் தேவை என்று ஆகிவிடாது.

ஜிப்ஸி 1985 இறுதியில் வந்தபோது அதில் இருந்தது 970 சிசி என்ஜின், 45 குதிரைத்திறன். 1996இல் ‘கிங்’ என்ற பெயரோடு 1298 சிசி என்ஜின் வந்தது. கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000இல் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் எம்பிஎஃப்ஐ முறை வந்தது, 16 வால்வுகளோடு 80 குதிரைத்திறன். ஆகவே ‘பழைய ஜிப்ஸி’ என்று சொல்லும்போதே எந்த ஜிப்ஸி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றும் மூன்று வேறு வண்டிகள், தேவையும் வேறு வேறு.

80 குதிரைத்திறன் என்ஜின் 6000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 லிட்டர் காற்றை இழுக்கக்கூடியது. ஓசூரிலும் இழுக்கும் கொள்ளளவு அதேதான், உள்ளே போகும் ஆக்சிஜன்தான் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைகிறது. 80 என்று ஆவணத்தில் இருப்பது அங்கே 73 அளவில்தான் வெளிப்படும். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஏழு குதிரைகள் காணாமல் போய்விடுகின்றன.

பலர் கவனிக்காத இன்னொரு இழப்பு டயரில் இருக்கிறது. 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். கம்பீரத்துக்காக மாட்டப்படும் 235/75 ஆர்15 டயருக்கு 733 மில்லிமீட்டர். விட்டம் பத்து சதவீதம் கூடினால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் குறையும். உயரத்தால் போனதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், என்ஜினைத் தொடாமலேயே இழுவையில் ஆறில் ஒரு பங்கு போயிருக்கும். பெரிய டயரை மாட்டிவிட்டு, அதனால் போன இழுவையை மீட்க என்ஜினில் பணம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இழுவை என்று நாம் சொல்வதும் குதிரைத்திறன் என்று விளம்பரம் சொல்வதும் ஒன்றல்ல. அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினுக்கு 75 குதிரைத்திறன், எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி கிங்கைவிடக் குறைவு. ஆனால் ஹரிக்கேன் தன் உச்ச முறுக்குவிசையான 155 நியூட்டன் மீட்டரை 2000 சுற்றிலேயே கொடுத்துவிடும். அந்தக் கிங்கின் உச்சம் 103, அதுவும் 4500 சுற்றுக்குப் போனால்தான். ஜிப்ஸி என்ஜின் அடிப்படையில் சிறிய கார் என்ஜின்; சுற்றில்தான் உயிர் வாழ்கிறது. கீழ்ச்சுற்றில் அதை மிதித்து ‘பிக்கப் இல்லை’ என்று சொன்னால் அதன் இயல்பையே குறையாகச் சொல்வதாகும்.

இந்த இயல்பைத் தெரிந்துதான் வடிவமைத்தவர்கள், முன் பின் அச்சுகளுக்குத் திறனைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டு பல்சக்கர விகிதங்கள் வைத்தார்கள். கிங்கில் ஹை 1.409, லோ 2.268. ஹையிலிருந்து லோவுக்கு மாற்றினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 61 சதவீதம் கூடும். கார்புரேட்டரை மாற்றியோ, சைலன்சரை மாற்றியோ, கேம் ஷாஃப்ட்டை மாற்றியோ எந்தப் பட்டறையாலும் இந்த 61 சதவீதத்தைக் கொடுக்க முடியாது. அது ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்துக் கல்லும் சரிவுமான பாதையில் லோவைப் போடத் தயங்கி, கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அதிகம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: லோ என்றால் ஃபோர் வீலும் சேர்ந்தே வரும், ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

தேசிய நெடுஞ்சாலை 44இல் லாரிகளோடு ஓடுவதற்கு வேகம் வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு கணக்கு. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 100 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போக, காற்றுக்கு எதிராக மட்டும் 1.73 மடங்கு திறன் வேண்டும். திருப்பிப் பார்த்தால், பத்து சதவீதத் திறன் கூட்டினாலும் உச்ச வேகம் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் நகரும். பெட்டி வடிவ உடம்பும் நிமிர்ந்த கண்ணாடியும் உள்ள வண்டியில் இந்தச் சண்டையைப் பணத்தால் ஜெயிப்பது கடினம்.

இனி என்ஜினுக்கே வருவோம். முதல் வேலை அளப்பது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்க்க வேண்டும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இங்கேயும் ஓசூரின் காற்று குறுக்கே வருகிறது. கடல்மட்டத்துக்கு அச்சிட்ட அட்டவணையை வைத்துப் பார்த்தால் கம்ப்ரெஷன் பத்து சதவீதம் குறைவாகத் தெரியும். வேக்குவம் கேஜிலும் அப்படித்தான். கடலோரத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும் நல்ல என்ஜின் ஓசூரில் மூன்று அங்குலம் குறைத்துக் காட்டும். இது தெரியாமல், ஆரோக்கியமான என்ஜினைப் பிரித்துப் போட நேரிடும்.

கார்புரேட்டர் வண்டிகளில் இன்னும் நுட்பமான ஒரு விளையாட்டு நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காற்று மெலிந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை. ஆகவே 900 மீட்டர் உயரத்தில் கலவை நான்கைந்து சதவீதம் கொழுக்கிறது. மறுபக்கம், இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், முழுதாக எரிய ஒரு கிலோ தூய பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இந்தக் கலவைக்கு 13.5 கிலோ போதும். பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டரில் இதனால் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிகிறது. உயரம் கொழுக்க வைக்கிறது, எத்தனால் மெலிய வைக்கிறது. ஓசூரில் ஒன்று மற்றொன்றைப் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிடுகிறது! அதே வண்டி சென்னைக்கு இறங்கினால் அந்த ஈடு இல்லை. எத்தனாலின் மெலிவு முழுதாக வந்து நிற்கும். எம்பிஎஃப்ஐ வண்டியில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் உயரத்துக்கான திருத்தத்தை அதுவே செய்துகொள்ளும்.

பட்டறைகள் தாராளமாகச் சொல்லும் யோசனை ஹெட் ஃபேஸிங். ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்துக் கம்ப்ரெஷனைக் கூட்டுவது. ஓசூரில் இழைத்து ஓசூரிலேயே ஓட்டிப் பார்த்தால் அருமையாக இருக்கும், ஏனென்றால் மெலிந்த காற்று நாக்கிங்கை அடக்கி வைக்கிறது. மே மாதம் கிருஷ்ணகிரி வழியாகச் சமவெளிக்கு இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அழுத்தம் ஏறுகிறது, வெப்பமும் ஏறுகிறது. மெலிந்த கலவையும் கூடிய கம்ப்ரெஷனும் சேர்ந்தால் சுடர் எட்டும் முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கும் அந்த நாக்கிங் தொடங்கும். எத்தனால் நாக்கிங்கை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. அதை நம்பி நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் பிஸ்டனைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர் இரண்டும் மேல்சுற்றில் சில சதவீதம் தரலாம். எக்ஸாஸ்ட் குழாயில் ஒலி அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. குழாயின் நீளம் சரியாக இருந்தால் திரும்பி வரும் அலை அடுத்த மூச்சை உள்ளே இழுத்துக் கொடுக்கும். அந்த உதவி ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மட்டும்தான், அதற்குக் கீழே இழுவை குறையவும் செய்யும். கேம் ஷாஃப்ட்டை மாற்றுவதும் இதே பேரம்தான். மலைப்பாதை வண்டிக்குத் தேவை கீழ்ச்சுற்றில், விற்கப்படுவது மேல்சுற்றில். யானைகள் நடமாடும் தேன்கனிக்கோட்டைக் காட்டோரச் சாலைகளில் அந்தச் சத்தம் வேண்டவே வேண்டாம்.

மெலிந்த காற்றுக்கு நேரடி மருந்து டர்போதான். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், 4,300 மீட்டர் உயரத்தில், சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் அதை நிரூபித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த லிபர்ட்டி விமான என்ஜின் அங்கே 230க்கு இறங்கியது; டர்போ பூட்டியதும் 356 தந்தது. ஆனால் டர்போவைத் தாங்க பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், குளிர்விப்பு, எரிபொருள் அளவு எல்லாமே அதற்கென்று இருக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய கியர்பாக்ஸும் பின்சக்கர டிரம் பிரேக்கும் அந்தக் கூடுதல் திறனை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

பழைய பலேனோவின் 1.6 லிட்டர் என்ஜினை ஜிப்ஸிக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. ஒரே குடும்பத்து என்ஜின் என்பதால் பொருந்துகிறது. 94 குதிரைத்திறன், கீழ்ச்சுற்றிலும் நல்ல இழுவை. பொறியியல் கண்ணோடு மட்டும் பார்த்தால் இதுதான் இருப்பதிலேயே நேர்மையான மேம்பாடு. ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. எல்லையில் ஜுஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் இரண்டு மாநில அதிகாரிகளைக் கடந்து போகிற வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல. 15 ஆண்டு கடந்த வண்டி மறுபதிவுக்குப் போகும்போதும் இந்தக் கேள்வி எழும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஓடும் பழைய பெட்ரோல் ஜிப்ஸிக்கு என்ஜின் மேம்பாடு பெரும்பாலும் பொருந்தாது, புதுப்பிப்பு பொருந்தும். எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸ், டயஃப்ரம், சரியான இக்னிஷன் டைமிங், வால்வு இடைவெளி, சுத்தமான ரேடியேட்டர், பிரேக், முறையான அளவில் டயர். பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் இவை. எல்லாம் செய்த பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், என்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பாருங்கள். பல டைனோக்கள் அளவைக் கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டும். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில் அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் எழுத்தில் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.