கிளைடர் வாங்கும் முன் கிளப்பில் சேருங்கள்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் வடகரையில் கூரை ஓட்டையே கிளப்பிவிடும். அதைப் பார்த்துத்தான் அக்கா மகன் கேட்டான்: "மாமா, நாமளே ஒரு கிளைடர் வாங்கிரலாம்லா?"

"மொதல்ல ஓட்டப் படிடே" என்றேன்.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. புனே ஹடப்சரில் உள்ள அரசு கிளைடிங் மையத்தில், தரையிலுள்ள வின்ச் நீளக் கம்பியைச் சுருட்டி கிளைடரை மேலே ஏற்றிவிடும். கம்பி கழன்றபின், மேலெழும் காற்றைத் தேடிப் பிடிப்பது விமானியின் பாடு. 'சூப்பர் பிளானிக்' போன்ற இரட்டை இருக்கை கிளைடரில் பின்னால் பயிற்சியாளர் இருப்பார். முன்கண்ணாடியில் ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். அது ஒருபக்கம் சாய்ந்தால் கிளைடர் சறுக்குகிறது என்று பொருள். காலால் திருத்த வேண்டும்.

காற்று பலமாக அடிக்கிறதே, போதாதா? போதாது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மலையேறுவது கேரளப் பக்கம். நம் பக்கம் அது இறங்கிச் சுழலும். புதியவரைத் தரைக்கு அமுக்கிவிடும்.

சர்வதேச விதிப்படி உரிமத்துக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 2 மணி நேரம் தனியாக, 20 முறை ஏறி இறங்கி.

சொந்தமாக வாங்கினால் கொட்டகை, டிரெய்லர், பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் நம் தலையில். வின்ச் இயக்கவும் இறக்கையைப் பிடிக்கவும் ஆள் வேண்டும். கிளப்பில் இவை பொதுச்செலவு. முதலில் உறுப்பினராகுங்கள், உரிமம் வாங்குங்கள். கிளைடர் விலையை அப்புறம் விசாரிக்கலாம்.