சாத்துக்குடியின் மேல் சிங்கப்பூர்–நியூயார்க்

காய்கறிக் கூடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு இருந்த குழிதான் வட துருவம். பழத்தின் நடுவயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், அது சிங்கப்பூர். பழத்தை அரைச் சுற்று திருப்பி, நடுவயிற்றுக்கும் காம்புக்கும் ஏறக்குறையப் பாதி உயரத்தில் இன்னொரு புள்ளி, அது நியூயார்க். பூக்கட்டும் நூலை இரண்டு புள்ளிக்கும் இடையே இழுத்துப் பிடியுங்கள். அது பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. தொய்வை எடுக்க எடுக்க மேலே நகர்ந்து, காம்புக் குழியை ஒட்டிப் போய் நிற்கும்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்பது இந்த நூலின் நீளம். சிங்கப்பூரின் சாங்கிக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடிக்கும் அது சுமார் 15,350 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் இந்த வழி தெரியாது. பழத்தோலை உரித்துத் தட்டையாக அழுத்தினால் கிழியும். கிழியாமல் காட்டத்தான் படத்தில் துருவப் பக்கத்தை இழுத்து நீட்டுகிறார்கள். அந்தச் சின்னக் குழி, படத்தின் மேல் விளிம்பு முழுக்க நீண்டுவிடுகிறது. அதில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் எக்கச்சக்கமாகப் பிசகும். விமானம் பறக்கும் உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 11 கிலோமீட்டர் என்பது பழத்தின் அளவில் நூலின் தடிமன்கூட இல்லை.

நேரக் கணக்கு இவ்வளவு எளிதில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அட்டவணையில் இருப்பது 18 மணி நேரத்துக்கும் மேல். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், இறங்க முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். அதைவிட முக்கியம், விமானம் பெரும்பாலும் அந்த நூல் வழியே போவதே இல்லை.

காரணம் காற்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். விமானத்தின் 900 என்பது சுற்றியுள்ள காற்றுக்குள் அது போகும் வேகம். காற்றும் அதே திசையில் ஓடினால் இரண்டும் கூடும், எதிரே வந்தால் கழியும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதே வழியில் எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு ஏழு, எட்டு மணி நேரம் சாதாரணம்.

அதனால் வழி போடுகிறவர்கள் தேடுவது மிகக் குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த நேரத்தையும் எரிபொருளையும். சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும். அதில் ஒரு பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது. எதிர்க்காற்றில் கூடும் ஒவ்வொரு நிமிடமும் செலவுதான்.

பழத்தில் இரண்டு ஊர்களும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகலாம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கே வரலாம். இரண்டு முறையும் காற்று முதுகுக்குப் பின்னால். அப்படிப் போய் வருகிற பயணி, டிக்கெட்டில் எழுதியிருக்காவிட்டாலும், உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறார்.