குடிலில் ஒருவன் – குரலோ பல!

காதல் முறிந்தது, ஆகவே வாழ்வும் முடிந்தது! இப்படிச் சொல்லிடும் கதைகள் ஏராளம். ஒரு கையில் மதுக்கிண்ணம், மறு கையில் மரணம் என்று நாயகனை உலவ விட்டு, பார்ப்பவரை அழ வைத்துக் கல்லாவை நிரப்பிக் கொண்டவர்களும் ஏராளம். ஆனால், காலையில் சங்கு ஊதியதும் ஆலைக்குப் போயாக வேண்டியவன் என்ன செய்வான்? அவனுக்கும் நெஞ்சு உண்டு. அந்த நெஞ்சும் உடைவதுண்டு. அவனுக்கு வழி சொல்லிட யார் இருக்கிறார்கள்?

அமெரிக்க நாட்டில் பிறந்த ஓர் இசைத்தட்டு ஒரு வழியைக் காட்டுகிறது. அதைப் பற்றித்தான் இன்று நம் தோழர்களிடம் பேச விரும்புகிறோம்.

பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், நாட்டுப்புறச் சாயலில் கிட்டாரை மீட்டிப் பாடுவோரை அங்கே 'இண்டி ஃபோக்' பாடகர்கள் என்பர். அவர்களில் ஒருவர் ஜஸ்டின் வெர்னான். விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் ஊர்க்காரர். 2005ஆம் ஆண்டு, ஒன்றாக வளர்ந்த நண்பர்களோடு, தம் இசைக்குழுவைத் தூக்கிக் கொண்டு, தெற்கே வட கரோலினா மாநிலத்து ராலீ நகருக்குக் குடி பெயர்ந்தார். கனவு பெரிது, கிடைத்ததோ அடி மேல் அடி! 2006இல் குழு கலைந்தது. காதல் முறிந்தது. போதாக்குறைக்கு, கல்லீரலைத் தாக்கிய காய்ச்சல் ஒன்று அவரைப் படுக்கையில் தள்ளியது.

தோற்றுப்போன மகன் எங்கே போவான்? தந்தையின் நிழலுக்குத்தானே! வெர்னானின் தந்தைக்கு விஸ்கான்சின் காட்டுப்புறத்தில் வேட்டைக் குடில் ஒன்று இருந்தது. 2006 முடிந்து 2007 பிறந்த அந்தக் கடுங்குளிர் காலத்தில், ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினார். வெளியே பனி, உள்ளே தனிமை. விறகு பிளந்தார். மான் வேட்டையாடினார், அந்த இறைச்சியை உண்டே நாட்களைக் கழித்தார். மீதிப் பொழுதில், கையிலிருந்த கிட்டாரையும் எளிய ஒலிப்பதிவுக் கருவிகளையும் எடுத்து வைத்துக் கொண்டு வேலை செய்தார்.

ஆம், வேலை! அழுதார் என்று சொல்லவில்லை; வேலை செய்தார் என்கிறோம். முதலில் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் பாடிப் பதிந்தார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஒலிக்குள்ளிருந்து சொற்களைத் தோண்டி எடுத்தார். ஒரே வரியைப் பலமுறை பாடி, குரலின் மேல் குரலை அடுக்கினார். கல்லின் மேல் கல் வைத்துச் சுவர் எழுப்பும் கொத்தனாரின் பொறுமை அது! கேட்டால், கூட்டமாகப் பலர் பாடுவது போலிருக்கும். பாடியதோ ஒரே மனிதர்.

இப்படிப் பிறந்தவைதான் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற தொகுப்பின் 9 பாடல்கள். எல்லாம் சேர்ந்து 40 நிமிடம்கூட இல்லை. அவற்றில் புகழ் பெற்றது 'ஸ்கின்னி லவ்' – மெலிந்த காதல். ஆதரவு வேண்டுமே என்பதற்காக மட்டும் ஒட்டிக் கொண்டிருக்கும் உறவுக்கு ஊட்டம் கிடையாது, அது பிழைக்காது என்று வெர்னானே அதற்கு விளக்கம் சொன்னார். பழியைப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்திடும் பேச்சல்ல இது. எங்கே பிழை என்று உறவையே எடைபோட்டுப் பார்க்கும் பேச்சு. காதலில் தோற்ற ஆடவர் எத்தனை பேரிடம் இந்த நேர்மையைக் காண முடியும்?

தாம் தொடங்கிய புதிய குழுவின் பெயரிலும் தம் நோயின் வடுவை வைத்தார். 'நல்ல குளிர்காலம்' என்று வாழ்த்திடும் பிரெஞ்சுத் தொடர் ஒன்று உண்டு. அதன் எழுத்துக் கூட்டல், கல்லீரலைக் குறிக்கும் 'லிவர்' என்ற ஆங்கிலச் சொல்லை நினைவூட்டியதாம்! ஓர் எழுத்தை வெட்டி எறிந்து 'போன் ஈவேர்' என்று பெயர் சூட்டினார்.

இனி, ஊடகங்கள் கட்டிவிட்ட கதைக்கு வருவோம். 'காட்டிலே தனியே இருந்தான், காவியம் படைத்தான்' என்று எழுதித் தள்ளினார்கள். பாதி உண்மை! மறுபாதியை நாம் சொல்லியாக வேண்டும்.

குடில் தந்தையுடையது. தலைப்புப் பாடலில் ஒலிக்கும் ஊதுகருவிகளை வாசித்தவர்கள் வேறு கலைஞர்கள். 'இது வெறும் மாதிரிப் பதிவு' என்று தயங்கிய வெர்னானிடம், 'இல்லை, இதுவே முடிந்த படைப்பு' என்று ஊக்கமளித்தவர்கள் நண்பர்கள். 2007இல் சுமார் 500 தட்டுகளைத் தாமே வெளியிட்டார். 2008 பிப்ரவரியில் ஜாக்ஜாகுவார் என்ற தனி நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டு சென்றது. ஷான் கேரி என்ற இளைஞர் பாடல்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து கொண்டு, 'நானும் உம்மோடு வாசிக்கிறேன்' என்று வந்து நின்றார். அப்படித்தான் குழு வளர்ந்தது. மேடையில் 'வுல்வ்ஸ்' என்ற பாடல் வரும்போது அரங்கத்தையே கூடப் பாடச் சொல்வார் வெர்னான். குடிலில் ஒரே தொண்டை பல குரலாக நடித்தது. அரங்கிலோ ஆயிரம் தொண்டைகள் ஒரே குரலாயின!

பிரிந்து போன பழைய நண்பர்கள்? பகைவராகவில்லை! 2010இல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில், அமெரிக்கத் தென்னாட்டு நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிட அவர்களும் வெர்னானும் ஒரே மேடையில் நின்றனர். முறிந்தது குழு, முறியவில்லை தோழமை.

2012இல் 'சிறந்த புதிய கலைஞர்' என்ற கிராமி விருது போன் ஈவேருக்குக் கிடைத்தது. மேடையேறிய வெர்னான் என்ன சொன்னார்? இந்த அரங்குக்கு வராத திறமைசாலிகள் எத்தனையோ பேர் என்றார். பாட்டு படைப்பதே அதற்கான பரிசு, ஆகவே இங்கே நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். உழைப்பை நேசிப்பவனின் பேச்சு!

இந்தப் பாடல்கள் துயரத்தை மறைக்கவில்லை. மறந்துவிடு என்று உபதேசிக்கவும் இல்லை. வலியைக் கையில் எடுத்து, வேலையாக்கி, பிறர் கையில் கொடுத்துவிடு என்கின்றன. துயரைத் தனியே சுமந்திடலாம். தனியே கடந்திட முடியாது!

தோழர்களே! உங்கள் பட்டறையில், உங்கள் தெருவில், சில நாட்களாகப் பேச்சற்று, தலை கவிழ்ந்து திரியும் இளைஞன் ஒருவன் இருக்கக்கூடும். கேலி பேசாதீர். கடைக்கு வா, ஒரு கிளாஸ் போட்டால் சரியாகும் என்று இழுத்துச் செல்லாதீர். அவன் கதவைத் தட்டுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பாடத் தெரிந்தவனானால் பாடச் சொல்லுங்கள் – கூடச் சேர்ந்து நீங்களும் பாடுங்கள்!