புதிய கட்டடமா, பழைய கட்டடமா? அத்திபெலேயில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு...

புதுதில்லி: பெங்களூர் - ஒசூர் நெடுஞ்சாலையில், தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் அடுக்குமாடி வீடு வாங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்கள், தில்லி முகர்ஜி நகரில் நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லது.

அங்கு தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய 'சிக்னேச்சர் வியூ' குடியிருப்பில் 336 வீடுகள். குடியேறிய சில ஆண்டுகளிலேயே கூரைப் பூச்சு உதிரத் தொடங்கியது. இக்கட்டடங்கள் பாதுகாப்பற்றவை என 2022-ல் தில்லி ஐஐடி தெரிவித்தது. வீடுகளைக் காலி செய்து, இடித்துக் கட்டவும், அதுவரை குடியிருப்போருக்கு ஆணையம் வாடகை வழங்கவும் 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டியது தனியார் அல்ல, மத்திய அரசின் அமைப்பு என்பது குறிப்பிடத்தக்கது. இதே ஆணையம் 1970, 80-களில் கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் மக்கள் இன்றும் வசிக்கின்றனர்.

குருகிராமில் 2022 பிப்ரவரி 10-ம் தேதி 'சிண்டெல்ஸ் பாரடைஸோ' என்ற 18 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து இரு பெண்கள் உயிரிழந்தனர். கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடு கம்பிகளை அரித்திருந்தது ஐஐடி ஆய்வில் தெரியவந்தது.

அப்படியானால் பழைய கட்டடமே மேலா? ஏட்டளவில் இல்லை. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 போதும் என்றிருந்த இந்தியத் தர நிர்ணயம், 2000-ல் எம்-20 கட்டாயம் என்றது. நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகளும் பின்னர் கடுமையாயின. மேலும், பழையவற்றில் இன்று நிற்பவை பிழைத்தவை மட்டுமே. இடிந்துபோனவை ஒப்பீட்டுக்கு வருவதில்லை.

குறை வேலையில்தான். 9 அங்குலச் செங்கல் சுவரும் அளவான உயரமும் அந்நாளில் சிறு பிழைகளைப் பொறுத்தன. இன்று அலுமினிய அச்சில் சுவரும் தளமும் ஒரே வார்ப்பாக எழுகின்றன. சில நாள்களில் ஒரு மாடி முடிகிறது. நீராற்றுதலில் அவசரம் காட்டினால் கான்கிரீட் வலுவிழக்கும். கலவைக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆழ்துளைக் கிணறையும் லாரித் தண்ணீரையும் நம்பிக் கட்டும் பகுதிகளில், ஒவ்வொரு லாரியையும் யார் சோதிப்பது?

அத்திபெலே ஆனேக்கல் வட்டத்தில் உள்ளது. வரைபட அனுமதி ஒரு கட்டம். கட்டி முடித்தபின் பெறும் குடியேற்றச் சான்றிதழ் வேறு. இச்சான்று இருந்தால்தான் மின், குடிநீர் இணைப்பு தர வேண்டும் என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனால் இச்சான்று, விதிப்படி கட்டப்பட்டதைத்தான் சொல்லும். கான்கிரீட்டின் ஆயுளைச் சொல்லாது. ஆகவே, 28-ம் நாள் கான்கிரீட் வலிமைச் சோதனை அறிக்கைகளையும், நீர்ச் சோதனை முடிவுகளையும் கட்டுநரிடம் எழுத்தில் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் 30 நாளில், கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். வீட்டுக் கடனோ 20 ஆண்டுக்கு. கம்பியில் துரு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இந்த 5 ஆண்டு வரம்பை நீட்டிப்பது குறித்து நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவர்கள், அத்திபெலேக்கு இருபுறமும் உள்ள தொகுதிகளின் உறுப்பினர்களே.